காற்றை அளந்தோம், ஊரை அளந்தோமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசுங்க சார், பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்று மட்டும் செயலாளர் சொன்னார். தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார். இந்தக் காவிரிக் கடைமடையில் ஐப்பசி பிறந்தால் எல்லோரும் பேசுகிற விஷயம் ஒன்றுதான். அதையே நானும் எடுத்துக்கொண்டேன். புயல் என்றவுடன் இது ஏதோ வானிலைப் பாடம் என்று பொருளாதார மாணவர்கள் கொட்டாவி விட வேண்டாம். பாதிப் பேச்சு உங்களுக்குத்தான்.

நான் இங்கே இயற்பியல் படித்தவன். அந்த நாளில் எங்கள் வகுப்புக்கும் பொருளாதார வகுப்புக்கும் நடுவே ஒரு வராந்தாதான் இருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது அந்தப் பக்கம் என்ன பாடம் நடக்கிறது என்று நாங்கள் எட்டிப் பார்த்தோமா? இல்லை. அவர்களும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் தலை நீட்டியதில்லை. இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் அந்த வராந்தாவில்தான் கிடக்கிறது.

முதலில் இயற்பியலைச் சொல்லிவிடுகிறேன். கடலின் மேற்பரப்பு வெப்பம் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரியாவது தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றிவிடப் போதாது. மேலே போகப் போகக் காற்றின் திசையும் வேகமும் அதிகம் மாறாமல் இருக்க வேண்டும். இவை எல்லாம் கூடி வந்தால் புயல். வங்கக் கடலில் இது ஆண்டுக்கு இரண்டு பருவத்தில் கூடி வரும்: தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு தடவை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு தடவை. நம் மாவட்டங்களுக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வெப்பமண்டலப் புயல்கள் உருவாகின்றன. அதில் வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் சேர்த்து ஐந்தோ ஆறோதான். பசிபிக் பெருங்கடலில் உருவாகும் புயல்களில் பல நம்முடையவற்றைவிட வலிமையானவை. ஆனால் மனித வரலாற்றில் மிக அதிக உயிரைக் குடித்த புயல்களைப் பட்டியல் போட்டால் பெரும்பாலானவை வங்கக் கடல் புயல்களாகவே இருக்கின்றன. இது ஏன் என்பதுதான் கேள்வி. கணக்குப் பிள்ளைகள் கேட்கிற மாதிரி கேட்டால், எண்ணிக்கையும் குறைவு, வேகமும் குறைவு, சாவு மட்டும் எப்படி அதிகம்?

இந்தக் கேள்விக்குப் பாதி பதிலை இயற்பியலே தருகிறது. புயலில் அதிகம் கொல்வது காற்று அல்ல, கடல் நீர். புயலின் மையத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஐம்பது குறைந்தாலும் அரை மீட்டர்தான். அதற்கு யாரும் ஓட வேண்டியதில்லை. மீதியெல்லாம் காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர். ஆழமான கடலில் அந்தத் தண்ணீர் கீழே வழிந்து திரும்பிவிடும். ஆழம் குறைந்த கடலில் அதற்குப் போக வழியில்லை, ஊருக்குள்தான் வரும். வங்கக் கடலின் தலைப்பகுதி ஆழமில்லாதது, புனல் மாதிரி குறுகியும் போகிறது. நம் பாக் நீரிணைப் பக்கமும் ஆழமற்ற கடல்தான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடிக்கு நேர்ந்தது என்ன என்பதை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலே கடலோடு போனது.

'சைக்ளோன்' என்ற சொல்லே இந்தக் கடலை வைத்துப் பிறந்ததுதான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் கப்பல்களின் குறிப்பேடுகளைப் புரட்டிப் புரட்டிப் படித்து, புயல் காற்று சுழன்றடிக்கிறது என்று கண்டு, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848இல் இந்தப் பெயரை வைத்தார். அதே பிடிங்டன் 1853இல் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். அங்கே கட்டாதீர்கள், ஒரு நாள் புயல் அலை வந்து அடித்துக்கொண்டு போய்விடும் என்றார். யாரும் கேட்கவில்லை. போர்ட் கானிங் என்ற பெயரில் கட்டினார்கள். 1867இல் புயல் வந்தது, துறைமுகம் நாசமாயிற்று. பிடிங்டன் அதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே காலமாகிவிட்டார்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்த இடம் எது தெரியுமா? அறிவியல் சரியாகத்தான் சொன்னது. எச்சரிக்கையும் எழுத்து மூலமாக, உரிய அதிகாரிக்கு, உரிய காலத்தில் போனது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை விளக்க இயற்பியலில் ஒரு சமன்பாடும் கிடையாது. நிலம் யார் கையில், பணம் போட்டவர் யார், சொன்னவர் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று வேறு பக்கம் போக வேண்டும். 

இந்தப் பக்கத்தை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் ஒருவர் அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட். அவர் 1945இல் வெளியிட்ட ஆய்வு வெள்ளத்தைப் பற்றியது. வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டக் கட்ட, கரை இருக்கிறதே என்ற தைரியத்தில் ஜனங்கள் ஆற்றுப் பள்ளத்திலேயே போய்க் குடியேறுகிறார்கள். கரையை மீறி ஒரு வெள்ளம் வந்தால் முன்பைவிடச் சேதம் கூடுகிறது என்று காட்டினார். வெள்ளத்தை மட்டும் அளந்தால் போதாது, வெள்ளத்துக்கு முன்னால் மனிதன் என்ன முடிவெடுக்கிறான் என்பதையும் அளக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதிலிருந்து வளர்ந்த ஒரு துறைதான் இன்று அபாயத்தை மூன்றாகப் பிரிக்கிறது: இயற்கையின் தாக்குதல் எவ்வளவு, அதன் வழியில் நிற்பவர் யார், நிற்பவருக்குத் தாங்கும் சக்தி எவ்வளவு. மூன்றில் ஒன்றுதான் வானிலைக்காரருடையது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். "நாகையில் 5ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நம் மாவட்டத்தில் யாராவது வளர்ந்திருக்கிறீர்களா? சரி, 5ஆம் எண்ணுக்கும் 7ஆம் எண்ணுக்கும் என்ன வித்தியாசம்? ஏழு என்றால் இன்னும் பலமான புயல் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்?

அப்படி இல்லை. ஐந்து என்றால் புயல் இந்தத் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுவிட்டுப் போகும். ஆறு என்றால் வலப்பக்கம். ஏழு என்றால் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும். மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். எட்டு, ஒன்பது, பத்து என்பது இதே கணக்குதான், பெரிய புயலுக்கு. பதினொன்று என்றால்? புயல் எச்சரிக்கை நிலையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்! பிரளயம் என்று நினைத்திருப்போம்.

இது கப்பல் மாலுமிக்காக உண்டாக்கிய முறை. அவருக்குப் புயல் எந்தப் பக்கம் போகிறது என்பது உயிர்போகிற விஷயம். எந்தத் திசையில் கப்பலைத் திருப்புவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார். அவருக்கு இது மிக நல்ல முறை. கோடியக்கரையில் கூரை வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு இதனால் என்ன தெரியும்? வானொலியிலும் நாளிதழிலும் இத்தனை ஆண்டுகளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்த எண்ணுக்குள் தரைவாசிக்குத் தேவையான ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. நம் பாதியுலகத்தில் புயலின் வலப்பக்கத்தில்தான் பொதுவாகக் காற்று அதிகம். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்றால் வடக்கு. அது கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கடல் உள்ளே வரும். தெற்கே உள்ள ஊர்களில் கரையிலிருந்து கடலுக்கு. இதைத் தமிழில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஏன் சொல்லவில்லை? கூண்டை வடிவமைத்தவர் ஊர்க்காரரைக் கேட்கவில்லை, ஊர்க்காரருக்குக் கூண்டின் மொழி தெரியாது. நான் முதலில் சொன்ன வராந்தா இதுதான்.

பங்களாதேஷிலும் துறைமுகத்துக்கான இந்த எண் முறைதான் இருந்தது. அந்த நாட்டின் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நமக்குப் பாடம் அதிகம்.

1970 நவம்பர் 12. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். போலா தீவுப் பகுதியைப் புயல் தாக்கியதில் இறந்தவர்கள் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்று கணக்கு. சரியான எண்ணிக்கை யாருக்கும் தெரியாது; எண்ணுவதற்கு ஆள் மிஞ்சாத ஊர்கள் இருந்தன. நாடு விடுதலை அடைந்த பிறகு, 1972இல் செஞ்சிலுவை இயக்கத்தார் தொண்டர் படை ஒன்றைத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் ஆள் போட்டு, கையில் ஒலிபெருக்கியும் கொடியும் கொடுத்து, வீடு வீடாகப் போய்ச் சொல்ல வைத்தார்கள். 1991 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் பெரும் புயல். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,38,000. 2007 நவம்பரில் சிட்ர் புயல், அதுவும் மிகக் கடுமையானதுதான். இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். சிட்ர் கரை கடந்த இடத்தில் சுந்தரவனக் காடு இருந்ததும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் லட்சங்களிலிருந்து ஆயிரங்களுக்கு வந்தது காடு ஒன்றினால் மட்டும் நடந்த காரியம் அல்ல.

இந்த மாற்றத்துக்கு நடுவில் ஓர் ஆய்வு இருக்கிறது. 1991 புயலுக்குப் பிறகு ஒரு மருத்துவ ஆய்வுக் குழு தப்பியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள், புயல் நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுக் குறித்தது. 1993இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. செங்கல் அல்லது கான்கிரீட் கட்டிடத்துக்குப் போய்ச் சேராதவர்களில் சுமார் 22 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள். அத்தனை பேரும்! இதற்குமேல் கட்டிடப் பொறியாளருக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்னொரு எண்ணும் அதில் இருந்தது. அதிகம் இறந்தவர்கள் பத்து வயதுக்குள் இருந்த குழந்தைகளும் நாற்பதைத் தாண்டிய பெண்களும்.

அலைக்கு ஆண், பெண் தெரியாது. பிறகு ஏன்? வேறு ஆய்வாளர்கள் போய் உட்கார்ந்து பெண்களிடம் கேட்டார்கள். வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தோம். ஆடு மாட்டை யார் பார்ப்பது? அந்நிய ஆண்கள் நிறைந்த முகாமில் ராத்திரி எப்படிப் போய் உட்காருவது? கழிவறை இல்லையே? புடவை காலைச் சுற்றியது, கையில் இரண்டு குழந்தை. பதில்கள் இப்படி வந்தன. இந்தப் பதில்களுக்கு எந்த ரேடாரிலும் இடமில்லை. ஆனால் பதில்களைக் கேட்டபின் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான். முகாமில் பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிவறை. மாடுகளுக்கு மேட்டு நிலம். தொண்டர்களில் பெண்கள். இன்று அந்தத் தொண்டர் படையில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒப்பாகச் சொல்ல வேண்டியது ஒடிசா. 1999 அக்டோபர் 29இல் வந்த பெரும்புயலில் பாரதீப் பக்கம் ஐந்தாறு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழுந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013 அக்டோபர் 12இல் பைலின் புயல். கரை கடப்பதற்குள் சுமார் பத்து லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். சாவு ஐம்பதைத் தொடவில்லை. இடையில் பதினான்கு ஆண்டு. அந்தப் பதினான்கு ஆண்டில் இரண்டு பக்கமும் வேலை நடந்தது. ஒரு பக்கம் செயற்கைக்கோள், ரேடார், கணினி. இருபது ஆண்டுகளுக்கு முன் 24 மணி நேரத்துக்கு முன்னால் புயல் எங்கே இருக்கும் என்று சொன்னால் சராசரியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் தவறும்; இப்போது எண்பதுக்குள் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் ஊர் ஊராகப் புயல் காப்பகங்கள், யார் யாரைக் கூட்டி வருவது என்ற பட்டியல், வருஷா வருஷம் ஒத்திகை.

ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். சௌதாமினி தாஸ் என்ற பொருளாதார ஆய்வாளரும் ஜெஃப்ரி வின்சென்ட் என்பவரும் 2009இல் வெளியிட்டது. கேந்திரபாரா மாவட்டத்தில் 409 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் கடலுக்கும் நடுவே சதுப்புநிலக் காடு, நாம் அலையாத்திக் காடு என்கிறோமே, அது எத்தனை அகலம்? அலை எவ்வளவு உயரம் வந்தது? புயல் பாதையிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்? 1999இல் அங்கே எத்தனை பேர் இறந்தார்கள்? எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில், காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைவு என்று தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. அரசு கொடுத்த முன்னெச்சரிக்கை காப்பாற்றிய உயிர்கள் காடு காப்பாற்றியதைவிட அதிகம் என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார்கள். எனக்கு இது நேர்மையான ஆய்வுக்கு அடையாளமாகப் படுகிறது. காட்டின் மேல் பிரியம் வைத்துப் புறப்பட்டாலும், கணக்கு என்ன சொல்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க எத்தனை நாளாகும்?

எச்சரிக்கை என்று சொல்லிக்கொண்டே போகிறேன். அது போய்ச் சேராத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் சாட்சி. ஓகி புயல். 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு நாள். இப்படி மளமளவென்று வலுப்பெறும் புயலை முன்கூட்டிச் சொல்வது இன்றைக்கும் வானிலை அறிவியலுக்குக் கடினமான காரியம். பாதையைக் கணிக்கும் அளவுக்கு வலிமையைக் கணிக்க வரவில்லை. ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருந்தாலும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்குமா? குமரி மாவட்டம் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் தொழில் செய்கிறவர்கள். புறப்பட்டால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். செல்போன் கரையிலிருந்து கொஞ்ச தூரம் எடுக்கும், படகில் இருக்கும் கம்பியில்லாக் கருவி அதைவிடக் கொஞ்சம் தூரம். அதற்கப்புறம் அவர்களுக்கு ஊரே இல்லை, உலகமே இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கருவி வந்துவிட்டால் போதுமா என்றால், அங்கேயும் ஒரு கேள்வி நிற்கிறது. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று அறிவிப்பு வருகிறது. எந்த இடத்துக் கடல்? ஒரு மாவட்டத்துக்கு முழுக்க ஒரே அறிவிப்பு. அன்றைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. நாலு தடவை போகாமல் இருந்து, நாலு தடவையும் கடல் குளம் மாதிரி கிடந்தால், ஐந்தாவது தடவை என்ன செய்வார்? "ஆபீஸ்ல உக்காந்து எழுதுறவருக்குச் சம்பளம் வருதுங்க. எனக்கு வலை நனைஞ்சாத்தான் அடுப்பு எரியும்" என்று ஒரு மீனவர் என்னிடமே சொன்னார். இதை அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போகிற அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒப்பாது. தவறான எச்சரிக்கையின் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பது ஒழுங்கான பொருளாதாரக் கேள்வி. அதற்கு விடை கண்டுபிடிக்க வேண்டியவர்கள் வராந்தாவின் அந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

இதற்குப் பதில் போல ஒரு முயற்சி நம் பக்கத்திலேயே நடந்தது. 1998 வாக்கில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கினார்கள். வீராம்பட்டினம் மீனவர் குப்பத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் கணினி ஒரு பக்கம், மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரி புனல் ஒலிபெருக்கி இன்னொரு பக்கம்! 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் என்ன நடந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணிக் கடல் பொங்கி வருவதைச் சொல்ல, ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள். சுனாமி வானிலைக் கணக்கில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒலிபெருக்கி அங்கே இருந்தது அன்றாட அலைச் செய்திக்காக. தினமும் நம்பிக் கேட்ட குரல், அதனால் அன்றைக்கும் நம்பினார்கள்.

2018 நவம்பர் 16 கஜா புயலைப் பற்றிப் பேசாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் என்னை ஊருக்குள் விடமாட்டீர்கள். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். உயிர்ச்சேதத்தை அது வெகுவாகக் குறைத்தது, பாராட்டவேண்டிய வேலை. முதல் நாள் பத்திரிகைகளும் பாராட்டின. நாலாம் நாள் சாலை மறியல். ஏன்? உயிரை எண்ணிய கணக்கு சரியாக இருந்தது, வாழ்வை எண்ணிய கணக்கு அங்கே இல்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, வேதாரண்யம் பக்கமெல்லாம் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்தது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அறுபது கிலோமீட்டர் காற்று நூற்றிருபதானால் மரத்தின் மேல் விழும் அடி இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. தென்னைக்கு உச்சியில்தான் முழுப் பாரமும். மறுபடி நட்டால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு வருஷம், நல்ல காய்ப்புக்கு இன்னும் கூட.

அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. மரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. மரம் ஏறுகிறவருக்கு? மட்டை உரிக்கிறவருக்கு? கயிறு திரிக்கும் பெண்களுக்கு? குத்தகைக்குத் தோப்பு எடுத்து முன்பணம் கட்டியவருக்கு? இவர்கள் யாரும் எந்தப் பதிவேட்டிலும் 'தென்னை' என்ற தலைப்பில் இல்லை. நிலவரி ஏடு நிலத்தை எண்ணும். நிலத்தை நம்பிப் பிழைக்கிறவரை எண்ணாது. சமூக அறிவியல் ஆய்வு என்று நான் சொல்வது பெரிய தத்துவம் எதையும் அல்ல, இப்படி விடுபட்டவர்களை எண்ணுவதைத்தான். சாதியும் இதில் உண்டு, அதைப் பூசி மெழுக வேண்டாம். 2004க்குப் பிறகு நாகை மாவட்ட நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. முகாமில் தனக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்தவர் கூப்பிட்டவுடன் எழுந்து வருவாரா?

கடல் சூடாகிக்கொண்டு வருகிறது. ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டுக் குழு 2021இல் தந்த அறிக்கைப்படி, பூமி வெப்பமடைய வெப்பமடையப் புயல்களில் கடுமையானவற்றின் பங்கு உயரும், மழையும் கூடும். கடல் மட்டம் ஏறினால் ஒவ்வொரு புயல் அலையும் ஒரு படி மேலிருந்தே கிளம்பும். இதெல்லாம் உலகக் கணக்கு. தலைஞாயிறுக்கு என்ன, கோடியக்கரைக்கு என்ன என்று அந்த அறிக்கையில் இருக்காது. அதை இங்கே இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

அதனால் ஒரு யோசனையோடு வந்திருக்கிறேன். 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினத்தில் கரை கடந்த புயலை, 'அம்பத்திரண்டு புயல்' என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அன்று பத்து வயதுப் பிள்ளையாக அதைப் பார்த்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். தண்ணீர் எந்தக் கோயில் படிவரை வந்தது, யார் வீட்டு மச்சில் எத்தனை பேர் ஏறி நின்றார்கள், யாரை ஏற விடவில்லை என்று அவர்களுக்கு நினைவிருக்கிறது. இன்னும் சில வருஷத்தில் கேட்க ஆள் இருக்காது. இயற்பியல், புவியியல் மாணவர்கள் அந்தப் படியின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கட்டும். பொருளாதார, வரலாற்று மாணவர்கள் 52, 2018 இரண்டு புயலையும் பற்றி வீடு வீடாகக் கேட்கட்டும். தமிழ்த்துறைக்கும் வேலை இருக்கிறது: வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று கடற்கரைக்காரர் சொல்லும் காற்றுப் பெயர்களையும், காற்று மாறுவதற்கு அவர்கள் சொல்லும் அடையாளங்களையும் தொகுத்தால், நாளைக்கு எச்சரிக்கை எழுதுகிறவருக்கு ஒரு மொழி கிடைக்கும். ஒரு குழுவில் இரண்டு துறை மாணவர் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. பத்துக் கிராமம் போதும். பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் என் காலத்துத் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் ஏற்கெனவே தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

கேள்வித்தாள் ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், முப்பது கேள்வி. செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். திருத்த வேண்டியதைத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, "புயல் வருதுன்னு உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும், யார் வந்து சொன்னாங்க?" இரண்டாவது, "சொன்னப்புறம் நீங்க முதல்ல என்ன செஞ்சீங்க?" பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்களாக அழகுபடுத்த வேண்டாம். ஐப்பசிக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டால் நல்லது. மழை பிடித்துக்கொண்டால் அந்த ரோட்டில் பஸ் போகாது.